இரண்டு படங்களிலும் நான் இல்லை

கடந்த தீபாவளிக்கு இரண்டு வாரங்கள் இருந்தபோது, பல்கலைக்கழக நண்பர்கள் ஐவரை லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துச் சென்றேன். மூவர் சீனர்கள், ஒருவர் மலாய்க்காரர், ஒருவர் யுரேசியர். ஒளியூட்டைப் பார்க்க வேண்டும், கேம்பல் லேன் சந்தையில் முறுக்கு வாங்க வேண்டும், தேக்கா நிலையத்தில் பிரியாணி சாப்பிட வேண்டும் என்று பெரிய திட்டத்தோடு வந்திருந்தார்கள். என் ஊரைக் காட்டுவதுபோல் எனக்கும் ஒரே பெருமை.

சிராங்கூன் சாலையில் ஒளிவளைவு பின்னால் தெரியும்படி நடைபாதையில் நின்று குழுப்படம் எடுத்துக்கொண்டோம். முதல் படம் ஒரு நண்பரின் திறன்பேசியில். விளக்குகள் அழகாக விழுந்திருந்தன. நண்பர்களின் முகங்களும் தெளிவாக இருந்தன. நடுவில் நின்ற என் முகத்தில் மட்டும் பல்லும் கண்ணும்தான் தெரிந்தன.

“நீ எங்கே? இன்னும் கொஞ்சம் சிரி, அப்போதான் தெரிவாய்!” என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் கோபித்துக்கொண்டேன் என்று நினைப்பார்களே!

இரண்டாவது படத்தை வேறொருவரின் திறன்பேசியில் எடுத்தோம். அதில் என் முகம் நன்றாகவே தெரிந்தது. ஆனால், அது என் முகம்தானா என்பதில்தான் சந்தேகம். நிறம் இரண்டு படி வெளுத்திருந்தது. கன்னம் மெழுகுபோல் வழவழப்பாக இருந்தது. தாடையில் இருக்கும் மச்சத்தைக் காணவில்லை. அந்தத் திறன்பேசியில் ‘அழகூட்டும்’ வசதி தானாகவே இயங்கிக்கொண்டிருந்தது. அது இருப்பதே அந்த நண்பருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து இரண்டாவது படத்தைப் பாட்டியிடம் காட்டினேன். பாட்டி திறன்பேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“எல்லாரும் நல்லா இருக்கீங்க. நடுவுல நிக்கிற சீனப் புள்ள யாரு?”

“அது நான்தான் பாட்டி.”

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். “நீயா? மச்சத்தைக் காணோமே!”

பக்கத்தில் இருந்த தங்கை எட்டிப் பார்த்தாள். அவள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். “இது சூப்பரா இருக்குக்கா. இதையே போடு. அந்த இன்னொன்ன அழிச்சிடு,” என்றாள்.

அன்றிரவு இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் நான் மறைந்திருந்தேன். மற்றொன்றில் வேறு யாரோ நின்றிருந்தார். ஒரே இடம், ஒரே நேரம், இரண்டுமே விலை உயர்ந்த திறன்பேசிகள். அப்படியிருந்தும் இரண்டிலும் நான் இல்லை. இது எப்படி என்று தெரிந்துகொள்ளாமல் விடக்கூடாது எனத் தோன்றியது.

கறுப்புக் குடையும் வெள்ளைச் சுவரும்

என் பெரியப்பா பல ஆண்டுகள் திருமணப் படங்கள் எடுத்தவர். சிராங்கூன் சாலைக்கு அருகே இருந்த ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். இப்போது ஓய்வுபெற்று ஈசூனில் இருக்கிறார். அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் இரண்டு படங்களையும் காட்டினேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த கறுப்புக் குடையைக் கொண்டுவரச் சொன்னார். தம்முடைய பழைய டிஜிட்டல் கேமராவைத் தானியங்கி முறையில் வைத்து, ஃபிளாஷை அணைத்துவிட்டு என்னிடம் தந்தார். “குடை மட்டும் படம் முழுக்க இருக்கிற மாதிரி எடு,” என்றார். எடுத்தேன். பிறகு வெள்ளைச் சுவரை அதேபோல் எடுக்கச் சொன்னார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடையும் சாம்பல், சுவரும் சாம்பல்!

“கேமராவுக்குக் கறுப்பு எது, வெள்ளை எதுன்னு தெரியாதும்மா. எதைப் பார்த்தாலும் சராசரியா சாம்பல் நிறம்னு நினைச்சுக்கும். அதுக்கு ஏத்த மாதிரி வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும்,” என்றார்.

நீங்களும் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். கேமராவின் ஒளிமானி, தன் முன்னால் இருக்கும் காட்சி மொத்தமாகப் பார்த்தால் நடுத்தரச் சாம்பலாகத்தான் இருக்கும் என்ற ஊகத்தில் வேலை செய்கிறது. விழும் ஒளியில் ஏறக்குறைய 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிறம் அது. இதற்காகவே புகைப்படக்காரர்கள் ‘சாம்பல் அட்டை’ என்ற ஒன்றைப் பையில் வைத்திருப்பார்கள். பெரியப்பாவின் அட்டை ஓரங்களில் கிழிந்து, இன்னும் அவரது பையில் இருக்கிறது.

இப்போது எங்கள் குழுப்படத்துக்கு வருவோம். பின்னால் ஆயிரக்கணக்கான விளக்குகள். காட்சி மிகவும் வெளிச்சமாக இருப்பதாக நினைத்து, கேமரா மொத்த ஒளியையும் குறைத்துவிட்டது. வெளிர் நிறத்தோல் அதிக ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதால் நண்பர்களின் முகங்கள் தப்பித்துக்கொண்டன. என் முகம் நிழலுக்குள் போய்விட்டது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். என் முகம் மட்டுமே படத்தை நிறைத்திருந்தால், “இது மிகவும் இருட்டாக இருக்கிறதே” என்று கேமரா ஒளியைக் கூட்டும். அப்போது மாநிறமும் கறுப்பும் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துப்போகும். இரண்டு பக்கமும் பிழைதான்.

இன்றைய திறன்பேசிகள் அந்தப் பழைய ஒளிமானியைவிட மிகவும் புத்திசாலிகள். முகம் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கும். பல படங்களை நொடிப்பொழுதில் எடுத்து ஒன்றாக இணைக்கும். ஆனால், ஒரு முகம் எப்படி இருந்தால் ‘சரி’ என்பதை அவற்றுக்கு யாரோ முன்கூட்டியே கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். அந்த ‘யாரோ’ எந்த முகத்தை மனத்தில் வைத்துக் கற்றுக்கொடுத்தார் என்பதுதான் கேள்வி.

ஷர்லி என்ற பெண்

ஃபிலிம் காலத்திலேயே இந்தக் கேள்வி இருந்திருக்கிறது. அமெரிக்காவின் கோடக் நிறுவனம், வண்ணப் படங்களைக் கழுவி அச்சிடும் கூடங்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வந்தது. அதில் வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண் இருப்பார். அந்தப் பெண்ணின் தோல் நிறம் சரியாக வரும்வரை இயந்திரத்தைத் திருத்தினால் போதும். மற்ற எல்லாப் படங்களுக்கும் அதே அளவுதான். முதலில் அப்படி நின்ற ஊழியரின் பெயரால் அதை ‘ஷர்லி அட்டை’ என்று அழைத்தார்கள். பின்னர் வேறு பெண்கள் மாறி மாறி நின்றார்கள். அட்டையின் பெயர் மட்டும் மாறவில்லை.

கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் இந்த வரலாற்றைத் தேடிப் பதிவு செய்திருக்கிறார். ஒரே வகுப்பில் படிக்கும் வெள்ளையினப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் ஒரே படத்தில் எடுத்தால், கறுப்பினப் பிள்ளைகளின் முகங்களில் கண்ணும் பல்லும் மட்டுமே தெரிகின்றன என்று பெற்றோர் குறைகூறியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது சிராங்கூன் சாலையில் எடுத்த படம்தான் என் நினைவுக்கு வந்தது.

பெற்றோரின் அந்தக் குறைகூறல் மட்டும் ஃபிலிமை மாற்றிவிடவில்லை. மரச்சாமான் தயாரிப்பாளர்களும் சாக்லேட் தயாரிப்பாளர்களும் தங்கள் விளம்பரப் படங்களில் கரும்பழுப்பு மரத்துக்கும் வெளிர்ப்பழுப்பு மரத்துக்கும், கறுப்பு சாக்லேட்டுக்கும் பால் சாக்லேட்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்று புகார் செய்தார்கள். அதன் பிறகுதான் பழுப்பு நிறங்களைப் பிரித்துக்காட்டும் முயற்சி வேகம் பிடித்தது என்று ராத்திடம் கோடக்கில் பணியாற்றியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மேசையும் சாக்லேட்டும் வாங்கித் தந்த நியாயம் அது. பல இனப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டையைக் கோடக் வெளியிட்டபோது 1990களின் நடுப்பகுதி வந்துவிட்டது.

1975ல் நடந்த மூன்று

இதையெல்லாம் தேடிக்கொண்டிருந்தபோது ஓர் ஆண்டு திரும்பத் திரும்ப என் கண்ணில் பட்டது. அது 1975.

அந்த ஆண்டு டிசம்பர் மாதம், கோடக்கில் பணியாற்றிய ஸ்டீவ் சாசன் என்ற இளம் பொறியாளர், கையில் தூக்கிச் செல்லக்கூடிய முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்து முடித்தார். எடை 3.6 கிலோகிராம். 0.01 மெகாபிக்சல், கறுப்பு வெள்ளை. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் எடுத்தது. முதலில் ஆய்வுக்கூட ஊழியர் ஒருவரைப் படம் எடுத்தார்கள். திரையில் அவரது கறுப்பு முடியும் வெள்ளைப் பின்னணியும் தெரிந்தன. முகம் மட்டும் புள்ளிகளாகச் சிதறிப்போயிருந்தது. உள்ளே இணைப்பு வரிசை தவறியிருந்ததால் முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் பிழைத்துக்கொண்டன, இடைப்பட்ட சாயல்கள் எல்லாம் குழம்பின. வரிசையை மாற்றியதும் சரியாகிவிட்டது.

அதே 1975ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக், வெயில் பட்டால் தோல் எப்படி மாறுகிறது என்பதை வைத்து மனிதத் தோலை வகைப்படுத்தினார். தொடக்கத்தில் இருந்தவை நான்கு வகைகள். நான்குமே வெள்ளைத் தோலுக்கானவை. பழுப்பும் கறுப்பும் ஐந்தாவது, ஆறாவது வகைகளாகப் பின்னர்தான் சேர்ந்தன. பல ஆண்டுகளுக்குப் பிறகு தொழில்நுட்ப நிறுவனங்கள் தோல் நிறத்தை அளக்க எடுத்துக்கொண்டது இந்த அளவுகோலைத்தான்.

மூன்றாவதாக, இந்தியாவில் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ சந்தைக்கு வந்ததும் 1975ல்தான். அந்தப் பெயர் ‘குளோ அண்ட் லவ்லி’ என்று மாற 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நிகழ்வுகள். ஆனால், இன்று என் திறன்பேசியில் மூன்றும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. டிஜிட்டல் கேமரா, தோலை அளக்கும் கணக்கு, அதை வெளுக்கும் களிம்பு. களிம்பு இப்போது பொத்தானாகிவிட்டது, அவ்வளவுதான்.

நிலைமை மாறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் எம்ஐடியில் படித்த ஜாய் புவோலம்வினி, முகமறியும் மென்பொருள் தம் முகத்தைக் கண்டுகொள்ளாததால் வெள்ளை முகமூடி அணிந்து வேலை செய்ய நேர்ந்தது. 2018ல் அவர் டிம்னிட் கெப்ருவுடன் வெளியிட்ட ஆய்வில், முகத்தை வைத்துப் பாலினத்தைக் கணிக்கும் வணிக மென்பொருள்கள் வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 விழுக்காடுதான் தவறின. கருநிறப் பெண்களிடம் அந்தத் தவறு 34.7 விழுக்காடு வரை போனது. 2021ல் கூகல் தன் பிக்சல் 6 திறன்பேசியில் எல்லாத் தோல் நிறங்களும் சரியாக விழுவதற்கான ‘ரியல் டோன்’ வசதியைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு, ஹார்வர்ட் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் எல்லிஸ் மாங்க் வகுத்த பத்து நிற அளவுகோலை வெளியிட்டது. ஆறு, பத்து ஆனது. எனக்கும் அதில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

பழைய கேமரா காப்பாற்றுமா?

இந்த இடத்தில் சிலர், “இதற்குத்தான் நாங்கள் பழைய டிஜிட்டல் கேமராவுக்குப் போய்விட்டோம்,” என்று சொல்லக்கூடும். என் நண்பர்களில் பலர் கையில் இப்போது 2000களில் வந்த சிறிய கேமராக்கள் இருக்கின்றன. அப்பா அம்மாவின் அலமாரியிலிருந்து எடுத்தவர்களும் உண்டு, நூறு வெள்ளிக்குமேல் கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. “திறன்பேசி பொய், இதுதான் நிஜம்” என்பது அவர்கள் வாதம்.

பெரியப்பாவின் கேமராவை இரவல் வாங்கி, மறுபடியும் சிராங்கூன் சாலைக்குப் போனேன். அழகூட்டும் வசதி அதில் கிடையாது, உண்மைதான். ஆனால், ஒளிவளைவுக்கு முன் நின்றால் அதிலும் என் முகம் இருட்டுத்தான். ஃபிளாஷ் போட்டால் நெற்றி பளபளத்தது. பழைய கேமராவும் அதே சாம்பல் கணக்கைத்தான் போடுகிறது. பழையது என்பதாலேயே அது என்னை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்து வைத்திருக்கவில்லை.

வித்தியாசம் ஒன்றே ஒன்று. அதன் பின்புறத்தில் கூட்டல், கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் கேமராவின் ஊகத்தை நான் திருத்தலாம். “நீ நினைக்கிறது தப்பு” என்று இயந்திரத்திடம் சொல்லும் பொத்தான் அது. பிறகு பார்த்தால், என் திறன்பேசியிலும் அது இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக நான் தொட்டதே இல்லை.

நாமும்தான் கேட்டோம்

எல்லாப் பழியையும் எங்கோ இருக்கும் பொறியாளர்கள்மீது போட்டுவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். பெரியப்பா விடவில்லை.

“கல்யாண ஆல்பம் வாங்க வர்றவங்க முதல்ல என்ன சொல்வாங்க தெரியுமா? ‘அண்ணே, பொண்ணக் கொஞ்சம் கலரா போட்டுக் குடுங்க.’ பொண்ணோட அம்மாதான் சொல்வாங்க. நானும் லேப்ல சொல்லிப் பிரிண்ட்டைக் கொஞ்சம் வெளுக்க வைப்பேன். வெள்ளைக்காரன் யாரும் வந்து எங்கிட்ட அதைக் கேக்கல.”

நான் வாயடைத்துப்போனேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் அம்மாவின் திருமணப் படத்தையும் அவர்தான் எடுத்தார். அதில் அம்மா ஏன் அத்தனை வெளுப்பாக இருக்கிறார் என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். மேக்கப் என்று சொன்னார்கள்.

நம் சினிமாவையும் பாருங்கள். 1978ல் வந்த ‘முள்ளும் மலரும்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா. இயற்கை ஒளிக்குப் பெயர்பெற்றவர். அதில் ரஜினியின் முகம் கறுப்பாகவே இருக்கிறது. கோபம், பாசம், அவமானம் எல்லாம் அந்தக் கறுப்பில் தெளிவாகத் தெரிகின்றன. அவர் இயக்கிய ‘வீடு’ படத்தில் அர்ச்சனாவின் முகமும் அப்படித்தான். இன்றைய திறன்பேசியின் கணினிச் சக்தியில் ஒரு துளிகூட இல்லாத காலம் அது. ஃபிலிமும் வேறு யாருடைய தோலுக்காகவோ திருத்தப்பட்டது. ஆனாலும், எந்த ஒளியில் எந்த முகம் எப்படித் தெரியும் என்று பார்க்கத் தெரிந்த ஒருவர் கேமராவுக்குப் பின்னால் நின்றார்.

2007ல் வந்தது ‘சிவாஜி’. அதே ரஜினி. கதாநாயகன் வெள்ளையாவதற்காகப் படும் பாடு அதில் நகைச்சுவை. ஒரு பாடலில் அவரை உண்மையிலேயே வெள்ளையாகக் காட்டினார்கள். வெள்ளைக்காரப் பெண் ஒருவரை அதே அசைவுகளில் படம்பிடித்து, அவரது தோல் நிறத்தைக் கணினி மூலம் ரஜினியின் மேல் பொருத்தினார்கள். அந்தப் படத்தின் காட்சி உத்திகளுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. நான் தொடக்கப்பள்ளியில் படித்தபோது குடும்பத்தோடு அதைத் தொலைக்காட்சியில் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அன்று ஒரு குழுவே உட்கார்ந்து செய்த வேலையை இன்று என் நண்பரின் திறன்பேசி, கேட்காமலேயே, ஒரு நொடியில் எனக்குச் செய்து கொடுத்துவிட்டது.

சிங்கப்பூரில் 2019ல் மின்னியல் முறையில் பணம் செலுத்தும் சேவைக்கான ஒரு விளம்பரத்தில் நடிகர் ஒருவர் தோலைக் கறுப்பாக்கிக்கொண்டு இந்தியராகத் தோன்றியபோது நாடே விவாதித்தது. அது தேவையான விவாதம். ஆனால், நாள்தோறும் நம் கையிலேயே நம் முகம் வெளுக்கப்படுவதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அது நமக்குப் பிடித்திருக்கிறது என்பதாலா?

தங்கை கேட்ட கேள்வி

தெரிந்துகொண்டதை எல்லாம் ஒரு நாள் இரவு தங்கையிடம் சொன்னேன். ஷர்லி, சாம்பல் அட்டை, சாக்லேட், ரஜினி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீ கன்சீலர் போடுறல்ல? அது மட்டும் என்ன?” என்றாள்.

நியாயமான கேள்வி. நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது நான் போடுவேன்தான்.

“அது நானா முடிவு பண்ணிப் போடறது. இது அதுவா போட்டுக்கிட்டு, என்கிட்ட சொல்லவே இல்ல,” என்றேன். அரைகுறைப் பதில் என்று எனக்கே தெரிந்தது.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: “எங்க கிளாஸ்ல எல்லாரும் ஃபில்டர் போடுறாங்க அக்கா. நான் மட்டும் போடலன்னா, நான் மட்டும்தான் கறுப்பா தெரிவேன். அப்புறம் குரூப் சாட்ல ‘லைட்டப் போடு’ன்னு சொல்லுவாங்க.”

என்னிடம் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். பதினான்கு வயதில் அவளிடமும் அதையே சொல்லியிருக்கிறார்கள். இந்த இடத்தில் எந்த ஆய்வும் எனக்குக் கைகொடுக்கவில்லை. “அப்படிச் சொன்னா நீ என்ன சொல்லுவ?” என்று கேட்டேன். “சிரிப்பேன்,” என்றாள்.

அந்த வார இறுதியில் என் நண்பர்கள் குழுவுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். அன்று படத்தைப் பார்த்துச் சிரித்தது எனக்குச் சிரிப்பாக இல்லை என்று மட்டும் எழுதினேன். அனுப்புவதற்குமுன் நான்கு முறை அழித்து எழுதினேன். அந்தப் பகடியைச் சொன்னவர் உடனே அழைத்து மன்னிப்புக் கேட்டார். இன்னொருவர், “அப்போ எப்படி எடுக்கணும்னு சொல்லிக் கொடு,” என்று பதில் அனுப்பினார். பெரியப்பாவிடம் கற்றதை அவருக்கு எழுதி அனுப்பினேன். அதையே இங்கும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் திறன்பேசியின் கேமரா அமைப்புக்குள் போய் அழகூட்டும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால், அது இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். படம் எடுக்கும்போது திரையில் முகத்தைத் தொடுங்கள். பல திறன்பேசிகளில் சிறிய சூரியக் குறி ஒன்று தோன்றும். அதை மேலும் கீழும் நகர்த்தினால் ஒளி கூடும், குறையும். அதுதான் பெரியப்பாவின் கூட்டல் கழித்தல் பொத்தான். குழுப்படத்தில், குழுவிலேயே கருநிறமாக இருப்பவரின் முகத்தைத் தொட்டு அளவு வையுங்கள். அவரை விளக்குக்கு அருகிலும் வெளிர்நிறத்தவரைச் சற்றுத் தள்ளியும் நிறுத்துங்கள். வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் எல்லாரும் திரும்பி நிற்பது எளிது. நேராக முகத்தில் அடிக்கும் ஃபிளாஷைவிடப் பக்கவாட்டிலிருந்து வரும் மென்மையான ஒளி மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அழகு சேர்க்கும்.

ஐந்தடிப் பாதையில்

அந்த மென்மையான ஒளி எங்கே கிடைக்கும் என்று பெரியப்பாவிடம் கேட்டபோது அவர் சிரித்தார். “தேக்கா பூரா கெடக்கு. ஐந்தடிப் பாதையில நில்லு,” என்றார்.

கடைவீடுகளுக்கு முன்னால் கூரையோடு நீளும் அந்த ஐந்தடிப் பாதையில் எத்தனை முறை நடந்திருப்பேன்! மேலே கூரை, ஒரு பக்கம் கடை, மறுபக்கம் திறந்த சாலை. உச்சி வெயில் உள்ளே வராது. சாலையிலிருந்து எதிரொளித்து வரும் வெளிச்சம் மட்டும் ஒரு பக்கமாக முகத்தில் விழும். ஸ்டூடியோவில் பணம் கொடுத்து உருவாக்கும் ஒளி அது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கக் கட்டிய பாதை நம் நிறத்துக்கு இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கிறது.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு காலையில் பாட்டிக்குப் பூ வாங்கத் தங்கையையும் கூட்டிக்கொண்டு போனேன். கெர்பாவ் ரோட்டில், 1900ல் கட்டப்பட்ட டான் டெங் நியா வீட்டின் முன்னால் வழக்கம்போல் சுற்றுப்பயணிகள் வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டின் ஒவ்வொரு நிறமும் எல்லாருடைய திறன்பேசியிலும் பளிச்சென்று விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் அங்கே நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி, பூக்கடைக்குப் பக்கத்தில் ஐந்தடிப் பாதையில் தங்கையை நிறுத்தினேன். கையில் மல்லிகைச் சரம்.

“சாலையைப் பார். சிரிக்க வேண்டாம்,” என்றேன்.

அவள் முகத்தைத் தொட்டு, சூரியக் குறியை இரண்டு முறை நகர்த்தி, என் சாதாரணத் திறன்பேசியில்தான் எடுத்தேன். பூச்சு எதுவும் இல்லை. அவள் நிறம் வெந்த பனங்கிழங்கின் தோல்போல் அடர்பழுப்பு. கன்னத்தில் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் மென்மையான நிழல். கண் ஓரத்தில் தூக்கக் கலக்கம்கூடத் தெரிந்தது.

வாங்கிப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். “எனக்கு அனுப்பு,” என்று மட்டும் சொன்னாள். நான் எதிர்பார்த்ததுபோல் அவள் அதை எங்கும் பதிவேற்றவில்லை. தீபாவளி அன்று அவள் போட்ட படங்களில் எப்போதும்போல் ஃபில்டர்தான் இருந்தது. எனக்குச் சற்று ஏமாற்றம்தான்.

அந்த ஐந்தடிப் பாதைப் படத்தை அச்சிட்டுப் பாட்டியிடம் கொடுத்தேன். இந்தமுறை மூக்குக்கண்ணாடியைத் தேடவில்லை. “நம்ம சின்னவ,” என்றார். அதை அம்மாவின் திருமணப் படத்துக்குக் கீழே அலமாரியில் சாய்த்து வைத்தார்.

போன வாரம் தங்கையின் திறன்பேசியைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. இடம் போதவில்லை என்று பழைய படங்கள் எல்லாவற்றையும் அழித்திருந்தாள். அந்த ஒரு படத்தை மட்டும் அழிக்கவில்லை.